வியாழக்கிழமை ஃப்ரிட்ஜ்

வியாழக்கிழமை மதியம் ஆனால் பல்கலைக்கழகப் பணியாளர் சமையலறை ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சாயங்காலம் வகுப்பு முடிந்த பிறகுதான் திரும்பச் செருகலாம். பதினோரு வருஷமாகப் பராமரிப்பு ஊழியன் அன்செல்மோ லெதெஸ்மா இந்த வயிற்றெரிச்சலைச் சுமந்துகொண்டிருந்தான்.

அந்த ஃப்ரிட்ஜில் இருப்பது சாதாரணச் சாமான் இல்லை. பராமரிப்பு ஆட்கள் வெள்ளிக்கிழமை மதியம் பின்முற்றத்தில் கறி சுடுவார்கள். ஞாயிறு பூசையைத் தவறவிட்டாலும் விடுவார்களே தவிர இதை விடமாட்டார்கள். கறிக்கடையில் நல்ல விலா எலும்பு வியாழன் காலையில்தான் வரும்; வெள்ளிக்கிழமை போனால் நாய்க்குப் போடுவதுதான் மிஞ்சும். அதனால் வாங்கி வைப்பது அன்செல்மோவின் பொறுப்பு. முதல் வருஷம் மார்ச் மாத வெயிலில் சொரீசோ தொத்திறைச்சி அத்தனையும் புளித்துப்போய்விட்டது. தோட்டக்காரன் காச்சோ ஃப்ரிட்ஜைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்:

"என்னடா குண்டா, உன் ஃப்ரிட்ஜ் பாட்டு கிளாஸ்ல சேந்துருச்சாமே? பாஸ் பண்ணுமா, இல்ல இப்படி நாறிட்டே திரியுமா?"

அன்றிலிருந்து அந்தக் கிண்டல் ஓயவில்லை. அதற்குக் காரணமான இசை ஆசிரியை இருபே கலார்சாவை அன்செல்மோ மன்னிக்கவும் இல்லை.

பல்கலைக்கழகம் என்று பெரிய பெயர். கட்டடம் ரியாச்சுவேலோ ஆற்றுக்குத் தெற்கே பழைய இறைச்சித் தொழிற்சாலை. மாட்டை வெட்டிக் குளிர் அறைகளில் தொங்கவிட்டுக் கப்பலேற்றிய இடம். கம்பெனி திவாலானதும் அரசாங்கம் எடுத்துச் சுண்ணாம்பு அடித்து, நாற்காலி போட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தது. மின்கம்பிகளை மட்டும் யாரும் மாற்றவில்லை. சமையலறையும் அதை ஒட்டிய பெரிய குளிர் அறையும் ஒரே லைனில் கிடந்தன. முழங்கை கனத்துக்குச் சுவர், தக்கை அடைத்த கதவு. உள்ளே போனால் சொந்த இருமல்கூட வேறு யாரோ இருமுவதுபோல் இருக்கும். அப்படி ஒரு அறைக்காகத்தான் இருபே அலைந்துகொண்டிருந்தாள். மின்னணு இசையும், இசைக்கேற்பப் படம் வரைய கம்ப்யூட்டரைப் பழக்குவதும் அவள் பாடம்.

வந்த முதல் வியாழக்கிழமையே சமையலறைக்குள் விறுவிறுவென்று வந்து நின்றாள். ஒல்லி உடம்பு, ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய முடி.

"இது யார் ஃப்ரிட்ஜ்?"

"எங்க ஃப்ரிட்ஜ்தான்."

"அப்பப்போ டொக்குன்னு ஒண்ணு கேக்குது. அப்புறம் ம்ம்ம்னு ஒரு முனகல். என் எட்டு ஸ்பீக்கரும் உங்க கறியைத்தான் பாடிட்டிருக்கு, தோன்."

"நல்ல கறி, ப்ரொஃபே. பாடினா என்ன தப்பு?"

'தோன்' என்று ஐயா போட்டுப் பேசினாலும் அவள் சிரிக்கவில்லை. குனிந்து தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கிப் போனாள். தனி லைன் இழுத்துக் கொடுங்கள் என்று அவளும் மேலிடத்தில் கேட்டாள், அன்செல்மோவும் கேட்டான். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த பட்ஜெட் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அப்படி என்னதான் கிழிக்கிறார்கள் என்று பார்க்க அன்செல்மோ ஒருமுறை கதவோரம் நின்றான். கும்மிருட்டு. வட்டமாக ஸ்பீக்கர்கள், நடுவில் பிள்ளைகள். ஒருத்தன் லேப்டாப்பில் ஒரு வரி எழுதினான். அவன் எழுதுவது சுவரில் எல்லாருக்கும் தெரிந்தது. அவள் வகுப்பில் எழுதுவதை மறைக்கக் கூடாது. வரி முடிந்ததும் ஒரு சத்தம் கிளம்பியது, எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு துடித்தது. அடுத்த வரி, அடுத்த சத்தம். கோடுகள் கொடி மாதிரி சுவரெங்கும் படர்ந்தன. கடைசியில் அந்தப் பையன் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக அழித்தான். எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. சுவர் கறுப்பானது. யாரும் மூச்சுவிடவில்லை. அந்த மௌனமும் வேலையில் சேர்த்தி என்பது அவர்கள் வழக்கம்; அது முடிந்த பிறகுதான் கைதட்டுவார்கள்.

"இவ்வளவு பாடுபட்டு எழுதிட்டு அழிக்கிறதுக்குப் பேரு படிப்பா?" என்று அவன் வெளியே வந்து காச்சோவிடம் கேட்டான். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுதியதை அழிப்பது தண்டனையாகத்தான் தெரியும்.

இருபே வடக்கே கொரியென்தெஸ் மாகாணத்துக்காரி. அப்பா நடனக் கூடங்களில் அக்கார்டியனில் சமாமே என்ற நாட்டுப்புற நடன இசை வாசித்தவர். பாட்டு முடிய விடிந்துவிடும். சிறுபிள்ளையாக இருந்த அவளை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் துணி விரித்துப் படுக்கப் போடுவார்கள். "எங்கப்பா வாசிப்பைவிட அந்தப் பெட்டியோட இரைச்சல்தான் எனக்குத் தாலாட்டு" என்று அவள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். தொழிற்பள்ளியில் ரேடியோ வேலை படித்து, டெலிவிஷன் ரிப்பேர் பார்த்து, தலைநகருக்கு வந்து ராத்திரிக் கல்லூரியில் இசை படித்தாள். கல்யாணம் ஆகி, அது கலைந்தும் போயிற்று. மூன்று கல்லூரிகளுக்குப் பஸ் மாறி மாறி ஓடிப் பாடம் நடத்தியவளுக்கு, கடைசியில் இங்கேதான் சொந்தமென்று ஒரு நாற்காலி கிடைத்தது. மற்ற இரண்டு இடத்தையும் விட்டுவிட்டாள். இந்தப் பாடத்தை இந்தப் பக்கத்தில் வேறு யாரும் நடத்தவில்லை. அவள் போனால் பாடமும் போகும்.

அன்செல்மோ மறந்துபோய் பிளக்கைப் பிடுங்காத நாளெல்லாம் அவள் வந்துவிடுவாள். தக்கைக் கதவு படாரென்று திறக்கும், பின்னாலேயே "தோன் அன்செல்மோ! கறி பாடுது!" என்ற கத்தல். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

போன வருஷம் ஏப்ரலில் காச்சோவுக்குப் பிறந்தநாள். பெரிய விலாத் துண்டு வாங்கியாகிவிட்டது. இலையுதிர் காலம் வந்தும் வெயில் குறைந்தபாடில்லை. "இன்னிக்குப் பிடுங்கப் போறதில்ல, வரட்டும், ஒரு கை பாக்கறேன்" என்று அன்செல்மோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தான். பதினோரு வருஷத்துச் சரக்கு.

அவள் வரவில்லை.

வகுப்பு பாதியில் கதவு திறந்தது. வந்தது அய்லின் என்ற மாணவி. மாத்தே மூலிகைத் தேநீர் குடிக்க பிளாஸ்க்கில் வெந்நீர் பிடிக்க வந்திருந்தாள்.

"என்ன, உங்க ப்ரொஃபே உயிரோடதான் இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இன்னிக்கு ஒரே அமர்க்களம், தோன் அன்செல்மோ! அடியில ஒரு முனகல் விட்டிருக்காங்க பாருங்க, வயித்துக்குள்ள போயி உக்காருது. நடுவுல டொக்குன்னு ஒரு தட்டு. சுவர்ல எந்த வரியிலயும் அது இல்ல. எப்படிச் செய்றாங்கன்னே தெரியல."

அன்செல்மோ ஃப்ரிட்ஜைப் பார்த்தான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்ககிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"கேக்கலாமா? அவங்களா சொல்லலன்னா ஏதாவது காரணம் இருக்கும்ல? எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் மைக் வச்சு அதைப் பிடிச்சு, டொக்குனு வர்றப்பல்லாம் சுவர் சிவக்குற மாதிரி பண்ணிட்டான். ப்ரொஃபே தலையாட்டுனாங்க. நாங்க கண்டுபிடிக்கணும்னுதான் வச்சிருக்காங்க போல."

வெந்நீரோடு அவள் போய்விட்டாள். அன்செல்மோ காலைக் கீழே இறக்கினான். வரிசைப்படுத்தி வைத்த சரக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

சாயங்காலம் இருபே வந்தாள். "முடிஞ்சுது தோன் அன்செல்மோ, செருகிக்கலாம்."

"செருகித்தான் இருக்கு."

"ஓ, அதுக்குள்ளயா? எப்போ செருகினீங்க?"

"பிடுங்கவே இல்ல, ப்ரொஃபே."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு குனிந்து, வலது காதை ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டவைத்தாள். கறிக்கடைக்காரன் மாட்டுப் படம் போட்டுத் தந்த காந்தம் ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"இடது காது போயி ரொம்ப வருஷமாச்சு" என்றாள், நிமிராமலேயே. "வலது காது அடைக்கும், திறந்துக்கும், தலை சுத்தும். கனத்த அடிச் சத்தம்தான் முதல்ல போகும்னார் டாக்டர். இவ்வளவு போயிருக்கும்னு… சுவர் ஏன் சிவக்குதுன்னு எனக்குப் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன்."

அந்த வருஷம் அவளிடம் யாராவது ஜோக் சொன்னால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பாள். வணக்கம் சொன்னால் பாதி நாள் திரும்ப மாட்டாள். படித்த திமிர் என்று அன்செல்மோ நினைத்திருந்தான்.

"யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?"

"எனக்கு வேற வேலையில்லையா?" என்றான். விழுந்த காந்தத்தை எடுத்து ஒட்டிக்கொண்டே, "டாக்டர் மருந்து ஏதும்…" என்று இழுத்தான்.

"செப்டம்பர்ல போட்டி இருக்கு. அது வரைக்கும் தாங்கினா போதும்."

அரசுப் பல்கலைக்கழகத்தில் வாத்தியார் நாற்காலி நிலையில்லாதது. சில வருஷத்துக்கு ஒருமுறை, உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலிக்கு மறுபடி போட்டியிட வேண்டும். வெளியூரிலிருந்து மூன்று நடுவர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் எல்லாரும் பார்க்க ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தேறினால் இன்னும் ஏழு வருஷம். தேறாவிட்டால் வீடு.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் ஒரு ஏற்பாடு வந்தது. அன்செல்மோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையில் மாத்தே குவளையும் பிளாஸ்க்குமாகக் குளிர் அறைக்குள் போய், கதவோரம் விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்காருவான். பழைய கம்பிகளிலிருந்து தேவையில்லாத முனகல் ஏதாவது கேட்டால் பிளாஸ்க்கை மடியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் தரையில். லேப்டாப் திரையின் வெளிச்சத்தில் அவள் அதைப் பார்த்துக்கொள்வாள்.

"தேவையில்லாத முனகல்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று முதல் நாளே கேட்டான். "எனக்கு எல்லாமே ஃப்ரிட்ஜ் மாதிரிதான் கேக்குது."

"பசங்க போட்டது அவங்க நிறுத்தினதும் நிக்கும். போடாதது நிக்காது. அவ்வளவுதான்."

காச்சோவுக்கு இது போதாதா? "ஃப்ரிட்ஜ் பெயிலாயிடுச்சுன்னு குண்டனே போய்ச் சேந்துட்டான்டா!" என்று முற்றமெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஜூனில் தொடங்கிய அந்தக் குளிர்காலம் முழுக்கப் பிளாஸ்க் தரைக்கும் மடிக்குமாகப் போய் வந்தது. வெளியே மழை ஊற்றும். உள்ளே சத்தமே வராது. பிள்ளைகள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெளிச்சத்தில் பேசும்போது இருபே அவர்கள் வாயைப் பார்த்தே பேசினாள். இருட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு பாணி என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

சில நாள் வகுப்புக்குப் பிறகு அவள் சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்துக் கிடப்பாள். சுற்றுகிறது என்பாள். அன்செல்மோ ஒரு பிஸ்கட்டைத் தள்ளி வைப்பான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது.

போட்டி நாள் வந்தது. அன்செல்மோ சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு வந்தான். பிளக்கைக் காலையிலேயே பிடுங்கிவிட்டான். நடுவர்கள் மூன்று பேர்: ஒரு வழுக்கைத் தலை, கையில் பென்சிலோடு ஒரு இளைஞன், தெற்குக் கோடியிலிருந்து வந்த மெலிந்த அம்மா ஒருத்தி. அந்த அம்மா பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் கேட்கும். பின்னால் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள்.

விளக்கு அணைந்தது. வெறும் சுவர். இருபே முதல் வரியை எழுதினாள்.

அன்செல்மோவுக்கு அந்த இசை அன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: தரையோடு தரையாக ஏதோ ஒன்று கிளம்பி அறையைச் சுற்றி வந்தது, தூரத்தில் யாரோ அக்கார்டியனின் காற்றுப்பையை மட்டும் இழுத்து மூடுவதுபோல. சுவரில் கோடுகள் அதோடு மூச்சுவிட்டன. பிளாஸ்க் தரையைவிட்டு எழவே இல்லை. எல்லாம் முடிந்து அவள் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசி வரி போனதும் லேப்டாப்பையும் மூடினாள். கறுப்பு. மௌனம். தேறிவிட்டாள் என்று அன்செல்மோவுக்கே தோன்றியது.

அப்போது இருட்டிலிருந்து அந்த மெலிந்த அம்மாவின் குரல் வந்தது: "எங்கே நிறுத்தணும்னு மாணவர்களுக்கு எப்படிக் கத்துக்குடுப்பீங்க, ப்ரொஃபெசர்?"

பதில் இல்லை.

அன்செல்மோ காத்திருந்தான். அவளுக்குக் கேட்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. இருட்டில் வாயும் தெரியாது. அவள் பாட்டுக்கு மௌனம் முடியட்டும் என்று நின்றுகொண்டிருக்கிறாள். கேள்வி அந்தரத்தில் தொங்குகிறது. இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்சம். யாரோ ஒருவர் மூச்சை இழுத்து விட்டார்.

அன்செல்மோ எழுந்து சுவிட்சைப் போட்டான்.

குழல் விளக்குகள் படபடவென்று எரிந்தன. எல்லாரும் கண்ணைச் சுருக்கினார்கள். வழுக்கைத் தலையின் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. வெளிச்சம் பட்டதும் அது மெதுவாக அணைந்ததை அன்செல்மோ பார்த்தான்.

இருபே திரும்பி மூன்று முகங்களையும் பார்த்தாள். "ஏதாவது கேட்டீங்களா?"

மெலிந்த அம்மா மறுபடி கேட்டாள்; கேட்கும்போதே குனிந்து காகிதத்தைப் புரட்டினாள். வாய் தெரியவில்லை. "ஸ்பீக்கர் எட்டும் நாங்களே செஞ்சது" என்றாள் இருபே. பின்னால் ஒரு பிள்ளை சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டது. மூன்றாம் முறை கேட்டார்கள். அவள் சரியாகவே பதில் சொன்னாள். அதற்குள் அந்த இளைஞன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

வெளியே வந்ததும் அய்லின் அன்செல்மோவின் சட்டையைப் பிடிக்காத குறை.

"எதுக்கு லைட்டைப் போட்டீங்க? எங்கே நிறுத்தறதுன்னு கேட்டாங்க, அவங்க பேசாம நின்னாங்க! அதுதான் பதில்! அந்த வழுக்கை அசந்துபோய் உக்காந்திருந்தாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு! நீங்க பாட்டுக்கு…"

காது கேட்காமல் நிற்பவளைக் காப்பாற்ற விளக்கைப் போட்டான். கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்காமல் நிற்பதையே பதிலென்று எடுத்துக்கொள்ளும் ஜனங்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று எந்த மடையன் கண்டான்?

முடிவு மரியாதையாகத்தான் வந்தது. இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றி, இனி மாணவர்கள் இல்லாத பணி ஏதாவது பார்க்கலாம், பாடம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது. குளிர் அறையில் அடுத்த வருஷம் உடைந்த மேசைகளை அடுக்கப் போவதாகப் பேச்சு.

அதற்குப் பிறகு பல வாரம் இருபே அவனிடம் பேசவில்லை. வியாழக்கிழமை வருவாள், நேரே வகுப்புக்குள் போவாள். அவன் பிளக்கைப் பிடுங்குவான். உள்ளே போய் உட்காருவதில்லை; பிளாஸ்க் சமையலறையிலேயே கிடந்தது. காச்சோகூடக் கிண்டலை விட்டுவிட்டான். ஒருநாள் கறி சுடும்போது, "குண்டா, நீ நல்லதுக்குத்தான்டா பண்ணுன" என்றான். அன்செல்மோ அந்தத் துண்டைச் சாப்பிடாமல் எழுந்துபோனான்.

பாட ஆண்டு முடியும் நவம்பரில் கடைசி வகுப்பு. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே வேலையாகச் செய்கிறார்கள் என்று அய்லின் சொல்லியிருந்தாள். தக்கைக் கதவு மூடியிருந்தது. அன்செல்மோ சமையலறையில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே இருபே வெளியே வந்தாள். பிள்ளைகளின் கடைசி வேலை முடியாமல் அவள் எழுந்து வந்து அவன் பார்த்ததில்லை.

"எனக்கு இன்னிக்கு எதுவுமே கேக்கல" என்றாள். "சுவரைத்தான் பாத்துட்டிருந்தேன். நல்லாப் பண்றாங்க போல."

அவள் தன் வாயைப் பார்க்கிறாள் என்று புரிந்து, அன்செல்மோ கத்தியை வைத்துவிட்டு முகத்தை அவள் பக்கம் திருப்பினான். "அன்னிக்கு லைட்டு…"

"இருட்டுல நிக்கிறவளை விட்டுட்டு உக்காந்திருப்பீங்களா?" என்றாள். "என்னால உங்களை மன்னிக்க முடியல. ஆனா யாராவது கேட்டா, உங்க இடத்துல நானும் லைட்டைப் போட்டிருப்பேன்னுதான் சொல்லுவேன்."

"கொரியென்தெஸுக்கா போறீங்க?"

"தம்பி வீடு இருக்கு. பெரிய வாசல். உக்காந்துக்கலாம்."

அவள் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் போய் நின்று, அதன் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையை முழுசாக வைத்தாள். அது செத்துப்போய் நின்றது. நாளைக்கென்று வாங்கிய கறி உள்ளே வெதுவெதுத்துக்கொண்டிருந்தது.

"செருகுங்க, தோன் அன்செல்மோ."

"உள்ளே பசங்க வாசிச்சிட்டிருக்காங்க. ஸ்பீக்கர்ல ஏறும், ப்ரொஃபே."

"தெரியும்."

"அவங்களுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். எனக்குக் கையிலயாவது தெரியட்டும். செருகுங்க. நான் கையை எடுக்கிற வரைக்கும் பிடுங்காதீங்க."